பிடித்துத் தைக்காத சட்டை

மகள் இருந்தாள், அவள் சிநேகிதி இருந்தாள், தையல் மிஷினில் நான் இருந்தேன். கம்ப்யூட்டரில் அச்செடுத்த அளவுத் தாள்களை ஒட்டி, அவற்றை வைத்து வெட்டிய சட்டை. ரெண்டு தடவை பிரித்துத் தைத்தேன். மகள் போட்டதும் மார்பில் துணி மடிந்து தொங்கியது.

"புடிச்சுத் தைக்கவா?"

"வேணாம்மா, அதான் டிசைனு."

நான் அஞ்சாவது படிக்கையில் கரும்பு வெட்டுகிற அப்பா அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து தீபாவளிக்கு வந்தார். அம்மா பழைய அளவுக்கே சட்டை தைத்திருந்தது. கஞ்சி வாசம் போகாத துணி அவர் மார்பில் இப்படித்தான் மடிந்தது.

"புடிச்சுத் தைக்கவாங்க?"

"வேணாம். பொங்கலுக்குள்ள ஒடம்பு தேறிரும். அப்புறம் நீதான் பிரிக்கணும்."

பொங்கலுக்கு முன்னாலேயே அந்தச் சட்டையோடுதான் அவரைத் தூக்கிப் போனார்கள். அம்மா கேட்காமலே பிடித்துத் தைத்திருக்கலாம். அப்பாவுக்கு வயது முப்பத்தாறு.