மார்பியா ஊசியும் பாலாடைப் பாலும்

யுத்தம் தொடங்கிய வருஷம், இராஜபாளையத்தில் என் அக்கா வயிற்றுப் புற்றால் படுத்த படுக்கையானாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த டாக்டர் கையை விரித்தார். "நோய் தீராது. மார்பியா ஊசி போட்டால் வலி அடங்கித் தூங்குவார்கள். ஆயுள் சற்றுக் குறைந்தாலும் குறையலாம்" என்றார்.

பெரியப்பா மறித்தார். "ஏலே, நெனப்போட பெருமாள் பேரைச் சொல்லிப் போகணும்லே. ஊசி போட்டு மயக்கினா மோட்சம் ஏது?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இந்த வலியில எனக்குப் பெருமாள் பேரே மறந்து போச்சு பெரியப்பா. இதைக் கொஞ்ச நேரம் நீங்க வாங்கிக்கிட்டுச் சொல்லிப் பாருங்களேன். தம்பி, ஊசியைப் போடச் சொல்லு."

போடச் சொன்னேன். பல நாள் தூங்காதவள் தூங்கினாள்.

டாக்டரை வண்டியேற்றிவிட்டுத் திரும்பினால், அக்காவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். கட்டிலில் உயிர் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவள் தூங்குவதைக் கடைசி மூச்சென்று நினைத்த பெரியப்பா, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் அவள் வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். விழுங்க முடியாமல் புரையேறி அவள் முகம் நீலம் பாரித்தது. பாய்ந்துபோய் ஒருக்களித்துப் புரட்டினேன். பால் வெளியே வந்தது; பிறகு மூச்சு வந்தது.

கண் விழித்தவள், "அம்புட்டு அவசரமா பெரியப்பா?" என்றாள்.

சில நாள் கழித்து, தூக்கத்திலேயே அமைதியாகப் போனாள். நான் ஊசி போட்டுக் கொன்றதாக உறவினர் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். அவள் மூச்சை அடைத்தது ஊசி அல்ல.

இப்போதெல்லாம் இப்படிச் சாகக் கிடப்பவர் வீட்டுக்குப் போனால், படுத்திருப்பவரிடம்தான் முதலில் பேசுகிறேன். ஊசி போட்டுத் தூங்குகிறார் என்றால் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். பாலாடையோடு யார் வந்தாலும் விடுவதில்லை, பெரியப்பாவே வந்தாலும்.