எல்லாத் தந்தியிலும் குங்குமம்

நான் ஹார்ப் வாசிக்கிறவள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் என்னைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும், "குட்டி யானை வண்டில ஆளுயர வாத்தியம் கொண்டாருவாங்களே, அந்தம்மா" என்பார்கள். மணமக்கள் மேடையேறும்போது ஓர் ஐரோப்பிய மெட்டு, பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குள் அதிலிருந்தே நழுவி ஒரு கல்யாணி. நன்றாகவே வாசிப்பேன். தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது.

ஆனால் ரிசப்ஷனில் யார் கேட்கிறார்கள்? நான் உருகி உருகி வாசிக்கும்போதுதான் "பந்தி போட்டாச்சு" என்று குரல் வரும், மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும். எனக்கு ஓர் இசைக்குழுவில் நாற்காலி வேண்டும் என்று வெறியே இருந்தது. ஒரு குழுவில் ஹார்புக்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான். அது காலியாவதே அபூர்வம். மும்பையில் ஒரு குழுவில் காலியானது. வீடியோ அழைப்பில் நேரடித் தேர்வு, மாலை ஐந்து மணிக்கு. முதலில் மேற்கத்திய கிளாசிக்கல் ஒன்று, பிறகு என் பாணியில் ஒன்று. அவர்கள் குறித்த நாள் ஆயுத பூஜை.

நாங்கள் இருப்பது பட்டாபிராமில், மாமியார் வீட்டில். மாமனார் ஆவடித் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அத்தை தன் கையாலேயே அந்த லேத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வருவார். இப்போது லேத் கிடையாது. வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் என் ஹார்ப்தான்.

மதியம் நான் கடைக்குப் போய்ப் பொரியும் பழமும் வாங்கி வருவதற்குள் பூஜை முடிந்திருந்தது. ஹார்பின் கழுத்தில் சாமந்தி மாலை. அது பரவாயில்லை. தந்திகளைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே போய்விட்டது. ஹார்பில் ஸ்வரம் தெரிவதற்காக 'ஸ' தந்தி மட்டும் சிவப்பு, 'ம' தந்தி கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான் கண் மற்ற தந்திகளைக் கண்டுபிடிக்கும். அத்தை ஒவ்வொரு தந்திக்கும், சரியாக என் பார்வை விழும் உயரத்தில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்.

"ஐயோ அத்தை! என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"இன்னாத்துக்கு இப்டி கத்துற? ஒண்ணு உடாம வெச்சிகிறேன். ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு உட்டா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

ஈரத்துணியை எடுத்து வேகமாகத் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் கரைந்து மேலும் கீழும் ஓடியது. இப்போது எல்லாமே சிவப்பு. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூஜைல வெச்சதை நாளைக்குக் காலைல பிரிச்சிட்டுதாண்டி தொடணும். இன்னிக்கு வாசிச்சா உன் கைக்கு ஆவாது."

"கோயில்ல இன்னிக்கு நாதஸ்வரம் வாசிக்கலையா?"

"அவங்க இன்னா, பூஜைல வெச்சிட்டா வாசிக்கிறாங்க?"

மும்பைக்கு போன் போட்டு நாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மற்றவர்களையும் இன்றைக்கே கேட்டு முடிவு செய்கிறோம், முடியாது என்றார்கள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"அத்தை, அஞ்சு மணிக்கு நான் வாசிக்கத்தான் போறேன். கைக்கு ஆகாதுன்னா ஆகாமப் போகட்டும். இந்த இடம் போயிடுச்சுன்னா இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போனவர், ஐந்து மணி அடிக்க இருக்கும்போது ஜபமாலையோடு வந்து ஹார்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வாசி. நான் இங்கியே குந்திகினு ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

திரையில் மூன்று பேர் வந்தார்கள். என் பாணி உருப்படி மோகனம்; அதைப் பற்றிக் கவலையில்லை. தந்திகளின் சுருதியை மாற்றும் கால்மிதிகளை மோகனத்துக்கு வைத்துவிட்டால் எந்தத் தந்தியைத் தொட்டாலும் மோகனம்தான். கிளாசிக்கலுக்குத்தான் கண் வேண்டும். தந்தியைப் பார்த்தால் குழம்பிவிடுவேன் என்று தெரிந்தது. பார்க்கவே வேண்டாம், இத்தனை வருஷம் வாசித்த விரலுக்கு வழி தெரியாதா என்று முடிவெடுத்தேன். அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் பக்கத்துத் தந்தி விரலில் பட்டது. நிற்காமல் தாண்டிப் போனேன். கடைசிப் பகுதி வந்தபோது அத்தை கண்ணைத் திறந்து பார்த்தார், ஜபமாலை மடியில் அப்படியே கிடந்தது. பந்தி போட்டால்கூட எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. அந்தத் தெம்பில் மோகனத்தைப் பிய்த்து உதறிவிட்டேன்.

குழுவை நடத்தும் அம்மையார், ஏன் ஒரு தடவைகூடத் தந்தியைப் பார்க்கவில்லை என்று கேட்டார். ஹார்பைத் திருப்பிக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் திரையில் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்து, நீங்கள்தான் கடைசி ஆள், இடம் உங்களுக்குத்தான், எப்போது கிளம்பி வர முடியும் என்றார்.

"இன்னாடி கேக்கறாங்க?" என்றார் அத்தை. சொன்னேன். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்து, தமிழிலேயே சத்தமாகச் சொன்னார்:

"நாளைக்குக் காலைல பூஜை பிரிச்சதும் வருவா."