கொத்தாமல் விட்ட இணைப்பு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வலது காலை வந்து பார்க்கலாம். இரண்டு விரல்கள் இல்லை.

1987 செப்டம்பர். நைனார்பாளையம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் சூப்பர்வைசர். பெரிய டீசல் எஞ்சினுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். அதிர்கிற எந்திரத்துக்குக் காங்கிரீட்டை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதி போட்டபோது இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. வழியெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சிமெண்ட் லாரி வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் போட்ட பாதி இறுகிவிட்டது.

"மேல்முகத்தக் கொத்தி, கழுவி, சிமெண்டுப் பால் ஊத்திட்டுத்தான் மேல போடணும் சார். இல்லன்னா ஒட்டாது. ரெண்டு நாள் குடுங்க" என்றார் மேஸ்திரி காசிநாதன்.

எனக்கு அவசரம். "அப்படியே போடுய்யா" என்றேன். அவர் மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். வேறு ஆள் வைத்துப் போட்டேன்.

டிசம்பரில் எஞ்சின் ஆடியது. இணைப்பில் சுற்றிலும் விரிசல். முதலாளி கேட்டபோது, காசிநாதன்தான் கொத்தாமல் போட்டார் என்று வாய் கூசாமல் சொன்னேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அதன்பின் அவருக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. ஒருநாள் ஆலை வாசலில் வந்து நின்றார்.

"நான் கொத்தலன்னு சொன்னியாமே? கொத்தாம வுட மாட்டேன்."

1988 பிப்ரவரி. பட்டப்பகல். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மணி 1.10.

டங்... டங்...

உளிச் சத்தம். எஞ்சின் ரூமுக்குப் போனேன். யாரும் இல்லை.

1.14. சத்தம் காங்கிரீட்டுக்கு உள்ளேயிருந்து வந்தது. கை வைத்தேன். அதிர்ந்தது. விரிசலிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. பிறகு தண்ணீர் வழிந்தது... யாரோ கழுவுகிறார்கள்.

"யாரு?"

"ஆச்சு சார்... இன்னும் கொஞ்சம்."

காசிநாதன் குரல்.

திரும்பி ஓடினேன்.

1.17. மேல்பாதி எஞ்சினோடு சரிந்தது.

என் கால்...

அப்போதுதான் திரும்பி வந்த ஆட்கள் கடப்பாரையால் நெம்பி என்னை இழுத்தார்கள். என் கையைப் பிடித்திருந்த எஞ்சின் டிரைவர் சுபாஷ் கீழ்ப்பாதியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மேல்முகம் முழுக்க உளிக் கொத்து. ஓரம் வரைக்கும் ஒரே சீராக, கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இத்த யாரு சார் கொத்தனது?"

வலியில் எனக்குப் பொய் வரவில்லை. "காசிநாதன். அன்னிக்கு நான்தான் கொத்த வேணாம்னேன். இப்ப வந்து கொத்திட்டாரு."

சுபாஷ் என் கையை விட்டுவிட்டான்.

"இன்னா சார் சொல்றீங்க? அவரு செத்துப் பதினாறு நாளாவுது. இன்னிக்குக் கருமாதி. நாங்க எல்லாம் அவரு வூட்ல சாப்ட்டுட்டுத்தான் வரோம்."