கனமா, லேசா?

என் தகரப் பெட்டியில் ஒரு பழைய கவர் இருக்கிறது. பழுப்பேறிவிட்டது. மேல் மடிப்பில் சோற்றுப் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. உள்ளே ஒற்றைத் தாளில் இங்கிலீஷ் கடிதம் ஒன்று. அதோடு பர்மியப் பத்திரிகைத் தாள் இரண்டு, சிறிதாக மடித்து வைத்தவை. அக்கா காலமான பிறகு அவள் சாமான்களுக்கு நடுவே இது கிடைத்தது. "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று அக்காவின் மகள் கொடுத்தாள். என் மருமகள் அவள். வாங்கி வைத்திருக்கிறேன். கவர் கையில் கனக்கிறது. அந்தக் கனம் அக்கா வைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூனில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில் பியூனாக இருந்தேன். பெரிய வகுப்புகள் வரை உள்ள பள்ளி. மணி அடிப்பது, கேட்டைப் பார்த்துக்கொள்வது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. தலைமை ஆசிரியையைப் பெரிய மிஸ் என்போம். யாராவது அவரை இங்கிலீஷ்காரி என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துபோகும். "நான் ஸ்காட்லாந்து" என்று தமிழிலேயே சொல்வார். அதற்காகவே அந்த இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பள்ளி வருஷக் கடைசியில், சித்திரையில் பர்மியர் கொண்டாடும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால், பரீட்சை முடிவு வீட்டுக்கு வீடு கவரில் போகும். தோல் பையை மாட்டிக்கொண்டு நான்தான் போவேன். கவரைப் பிரிக்காமலே எனக்கு விஷயம் தெரியும். பாஸான பெண்ணின் கவரில் கடிதத்தோடு இன்னும் மூன்று தாள் இருக்கும். அடுத்த வருஷம் பள்ளி என்னென்ன எதிர்பார்க்கிறது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். வாங்க வேண்டிய புத்தகம், போட வேண்டிய ஷூ, எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் இருக்க வேண்டும், லீவில் என்ன படிக்க வேண்டும், எல்லாம். ஃபெயிலான பெண்ணுக்கு ஒற்றைத் தாள்தான். அவளிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஆகவே கனம் என்றால் பாஸ், லேசு என்றால் ஃபெயில். கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஏழு வருஷம் என் விரல் தப்பவில்லை. வீட்டுக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. என்னைத் தெருமுனையில் பார்த்தவுடனே கேட்பார்கள், "கனமா, லேசா?" என்று. துவாண்டேயில் ஒரு குயவர் வீடு. படகில் போக வேண்டும். அந்தப் பர்மியக் குயவர் கூட இந்த இரண்டு வார்த்தையைத் தமிழில் கேட்பார். கனம் என்றால் ஒரு புதுப் பானை கொடுப்பார். லேசு என்றால் தண்ணீர் மட்டும் கொடுப்பார்.

அக்கா அலோன் பேட்டையில் ஒரு அரிசிக் கிட்டங்கியில் மூட்டைக்கு வாய் தைக்கிறவள். அத்தான் துறைமுகத்தில் வேலை செய்து இறந்துபோனவர். அக்காவுக்கு ஒரே மகள். நான் பியூன் என்பதால் மிஸ்ஸிடம் சொல்லி, பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாத இடம் ஒன்று அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஃபெயிலானால் அந்த இடம் போய்விடும். மேலே படித்துத் தேறினால் அங்கேயே வாத்தியாரம்மா ஆகலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷத்திலிருந்து மகளை மூட்டை தைக்கிற ஊசியைத் தொட விடவில்லை. ஒரு தடவை அவள் உதவிக்கு வந்தபோது, "ஊசி பிடிச்ச கை பேனா பிடிக்காது, போடி" என்று விரட்டினாள். அவள் ஊசி எப்போதும் கொண்டையில் இருக்கும். வாயில் சுருட்டு இருக்கும்.

நான் சொல்ல வருகிற வருஷம் மருமகளுக்குப் பதினான்கு வயது. அத்தானின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. தம்பி குடும்பத்துக்குத் தான்தான் பொறுப்பு என்று நினைக்கிறவர். பெண்ணை ஊருக்கு அழைத்துப்போய்த் தன் மைத்துனனுக்குக் கட்டி வைப்பதாகச் சொன்னார். மைத்துனனுக்கு முப்பது தாண்டிவிட்டது. மூத்த தாரம் இறந்து இரண்டு பிள்ளைகள். அக்கா மறுத்துப் பேசவில்லை. பரீட்சை முடிவு வரட்டும் என்று மட்டும் சொன்னாள். பெரியத்தான் ஒப்புக்கொண்டார். "பாஸானா படிக்கட்டும். ஃபெயிலானா எங்கூட கப்பல் ஏறட்டும். இதுக்கு மேல பேச்சில்ல" என்றார். கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. டிக்கெட் எடுக்க, முடிவு வருகிற அன்று மத்தியானம்தான் கடைசி.

இதற்கு நடுவில் மருமகளுக்கு அம்மை போட்டுவிட்டது. பரீட்சை எழுதி முடித்த மூன்றாம் நாள். கண் இமையிலெல்லாம் முத்து. இருட்டு அறையில் வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தாள். பள்ளியின் கடைசி நாள் கூட்டத்துக்கு அவள் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழைய மிஸ் ஊருக்குப் போய், புது மிஸ் வந்த முதல் வருஷம். தோளில் கட்டம் போட்ட கம்பளித் துண்டு. அந்த வெயிலிலும் அதை எடுக்கவில்லை. வருஷத்துச் செய்தியெல்லாம் வாசித்தார். யாருக்குக் கணக்கில் பரிசு, எந்த டீச்சர் கப்பல் ஏறுகிறார், எப்போது புதுக் கூரை போடுகிறார்கள் என்று. பிறகு அடுத்த வருஷத்து எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண்களும் நம் பெண்களும் ஒரே மாதிரி குனிந்து எழுதினார்கள். எல்லாம் இங்கிலீஷ். என்ன வாசித்தார் என்பது பின்னால் பள்ளி ரைட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வராந்தாவில் மணிக் கயிற்றைப் பிடித்து நின்றேன். பாட்டு முடிந்ததும் அடிக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியது. எழுதிக்கொண்டார்களே, அப்படியானால் கவரில் அந்தத் தாள் வராதே என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பையை வாங்கினேன். எப்போதும் சொந்த வீட்டுக்குக் கடைசியில்தான் போவேன். அன்றைக்கு மத்தியானக் கெடு இருந்ததால் முதலில் அலோனுக்குப் போனேன். அக்கா கிட்டங்கி வாசலிலேயே நின்றிருந்தாள். கையெல்லாம் சணல் தூசி.

"கனமா, லேசா, தம்பி?"

எடுத்து அழுத்திப் பார்த்தேன். இன்னொரு தடவையும் அழுத்தினேன்.

"லேசுக்கா."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்கினாள். "சரி, நீ போ. உன் சோலியப் பாரு. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். நான் போனேன். இன்னும் பதினெட்டு வீடு இருந்தது.

பிறகு நடந்ததை அக்கா குடியிருந்த லைன் வீட்டு முனையில் கடை வைத்திருந்த பாய்தான் எனக்குச் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து ஊசி நுனியால் கவரைப் பிரித்திருக்கிறாள். கடிதத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்குப் புரியாது. சுருட்டு சுற்றி வந்த பத்திரிகைத் தாள் இரண்டை மடித்து உள்ளே சொருகிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டாள். வாசலில் இருந்த பெரியத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருக்கும் கனம் லேசு தெரியும். லைனில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் அழுத்திப் பார்த்தார். கனம். ஆனாலும், "அம்மன் இருக்கிற வீடு. வாயத் தொறந்து சொல்லும்மா" என்றார்.

"பாஸ், பெரியத்தான்" என்றாள் அக்கா.

அதோடு விட்டிருப்பார். கவரைப் பாயிடம் காட்டி வாசிக்கச் சொல்வோம் என்று அவருக்கு ஒரு ஆசை. நல்ல செய்தியை நாலு பேர் கேட்கட்டும் என்றுதான். அக்கா பின்னாலேயே நடந்து போயிருக்கிறாள். பாய் கவரைப் பிரித்தார். அவருக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரியும். உள்ளே பத்திரிகைத் தாளைப் பார்த்தார். மோந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடிதத்தைப் படித்தார். பத்திரிகைத் தாளை வெளியே எடுக்காமல் கவரை மூடினார்.

"பாஸ்தான். நல்ல மார்க்கு. சந்தோசமாப் போங்க" என்றார்.

பெரியத்தான் கடையிலேயே கற்கண்டு வாங்கி அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தார். தனக்கு ஒரு டிக்கெட் மட்டும் எடுக்கப் போய்விட்டார். பாய் மெதுவாக, "ஏம்மா, உங்க மிஸ்ஸு சுருட்டு குடிப்பாங்களா?" என்று கேட்டாராம். அக்கா அவரைக் கும்பிட்டிருக்கிறாள். "எனக்காகப் பொய் சொன்னீகளே, நல்லா இருப்பீக" என்றாளாம். "நான் எங்கம்மா பொய் சொன்னேன்?" என்று அவர் கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னாராம். அப்போதும் அவள் தலையாட்டிவிட்டு நடந்துவிட்டாள்.

அதே நேரத்தில் நான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஒரு ரயில்வே ஹெட் கிளார்க் வீட்டு வாசலில் நின்றேன். "கனமா, லேசா?" என்றார். "கனம்யா" என்றேன். வீடே சிரித்தது. அந்த அம்மா எனக்கு லட்டு கொண்டுவந்து கையில் வைத்தார். ஐயா கவரைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"என்னய்யா கனம்? பொண்ணு ஃபெயில்!"

லட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஃபெயிலான பெண்களுக்குப் புது மிஸ் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். ஜூனில் மறுபரீட்சை. அதற்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று மூன்று தாள். பாஸான பெண்களுக்குத்தான் ஒற்றைத் தாள். மற்றதெல்லாம் கூட்டத்திலேயே சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கு ஓடி ரைட்டரைக் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? அங்கதானே நின்ன!" என்று சிரித்தார். அங்கேதான் நின்றேன்.

அலோனுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வழியில் பாய் கடையில் விஷயம் தெரிந்தது. "உங்க அக்கா நான் பொய் சொன்னேன்னே நெனைக்குது. நீ போய்ச் சொல்லு தம்பி" என்றார். வீட்டுக்குள் போனேன். அக்கா இருட்டு அறை வாசலில் நின்றபடி வேப்பிலையால் மகளுக்கு வீசிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அம்மன வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு பொய் சொல்லிட்டேன்டா. புள்ள கண்ணுல கைய வச்சுருவாளோன்னு இருக்கு" என்றாள். "பாயும் எனக்காகச் சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் வராது. எல்லாம் எனக்குத்தான்."

"அக்கா, லேசுதான் பாஸு. இந்த வருசம் மாத்திட்டாங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்."

நம்பவில்லை. ஹெட் கிளார்க் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ரைட்டர் சொன்னதைச் சொன்னேன். லட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கையில் மூட்டையோ ஊசியோ இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளே பார்த்து, "பாஸ்டி" என்றாள். "தெரியும்மா, நல்லாத்தான் எழுதினேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மருமகளுக்குக் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு கடிதத்தைத் தானே படித்தாள். "இந்தப் பேப்பரெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டாள். "கனத்துக்கு" என்றாள் அக்கா.

பெரியத்தான் கடைசிவரை எதுவும் தெரியாமலே கப்பல் ஏறினார். அந்த ஆடியில் அக்கா அம்மன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தாள். மகளுக்கு அம்மை இறங்கியதற்கு என்று நினைத்தேன். மறுவருஷமும் எடுத்தாள். அதற்கடுத்த வருஷமும். ஒருநாள் கேட்டேன்.

"அன்னிக்குச் சொன்னதுக்குத்தான்."

"அதுதான் பொய்யில்லேன்னு ஆயிருச்சே."

"எனக்குத் தெரியுமா அது? பொய்யின்னு நெனச்சுத்தானே சொன்னேன்."

தன்னால் முடிகிற வரைக்கும் எடுத்தாள். மருமகள் படித்து அதே பள்ளியில் டீச்சரான வருஷமும் எடுத்தாள். புடவையை நனைத்துக் கட்டிக்கொண்டு, குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடப்பாள்.

நான் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கனம் லேசு சொல்லவில்லை. கேட்டால், "பிரிச்சுப் பாருங்க" என்பேன். துவாண்டே குயவருக்கு அது பெரிய வருத்தம். இப்போது பள்ளியில் முடிவைத் தட்டச்சு அடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். யாரும் பை தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒட்டுகிற பட்டியலில் என் மருமகளின் கையெழுத்தும் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி பேசாமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து அக்காவின் கவரை எடுத்தேன். கட்டைவிரல் தானாக அழுத்தியது. கனம் என்றுதான் சொன்னது. பத்திரிகைத் தாளை எடுத்துவிட்டால் லேசாகிவிடும், அதுதான் சரியான எடை. எடுக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். சுருட்டு வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூடி வைத்துவிட்டேன்.