ஊர்க் காருக்கு ஒரு காகிதம்

சேலத்தில் அந்த வாரம் நான் ஏறி இறங்கிய படிகளை அடுக்கினால் கொல்லிமலைக்கே இன்னொரு பாதை போட்டிருக்கலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ரோட்டில் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்த புதிது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற நேரத்தில் இதையும் நமக்கு வைத்துவிட்டுப் போனான், மகராசன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கார் என்னுடையது அல்ல, கொல்லிமலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் ஊருடையது. அப்போது மலைக்கு மேலே ரோடு கிடையாது. மேலுக்கு முடியாமல் படுத்தவர்களைக் கட்டிலில் வைத்து நாலு பேர் அடிவாரத்துக் காரவள்ளிவரை சுமந்து இறக்குவார்கள். அங்கிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி. ஒரே வருஷத்தில் இரண்டு பேர் அந்த வண்டியிலேயே உயிரை விட்டார்கள். அதற்கப்புறம்தான் வீடு தவறாமல் ஆளுக்குக் கொஞ்சம் மிளகு கொடுத்து, அதை விற்று, ஒரு பழைய காரை வாங்கிக் காரவள்ளியில் நிறுத்தினார்கள். ஊரில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

முதல் இன்சூரன்ஸ் ஆபீஸில் என் அரும்பு மீசையைப் பார்த்ததுமே இரட்டிப்பாகக் கேட்டார்கள். வயசும் பத்தாதாம், பழக்கமும் பத்தாதாம். இரண்டாவது இடத்தில் கொல்லிமலை என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, மலைக்கு ரோடே இல்லீங்க. கார் கீழதானுங்க நிக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். விலாசம் மலையில்தானே இருக்கிறது என்றார் அந்த மனுஷன். என்னத்தைச் சொல்ல!

மூன்றாவது ஆபீஸ் குமாஸ்தா நல்லவர், உட்காரச் சொன்னார். கார் யார் பேரில் என்று கேட்டார்.

"ஊரு பேர்லதானுங்க."

சிரித்தார். "யார் யார் ஏறுவாங்க?"

"முடியாதவங்க யாரா இருந்தாலும் ஏறலாமுங்க."

"கூலி உண்டா?"

"சேச்சே, காசெல்லாம் வாங்க மாட்டமுங்க. ஒரு படி சாமையோ தினையோ குடுப்பாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க."

அங்கேதான் கெட்டேன். உபகாரம் செய்தவனை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் மலையில் பெரிய அவமரியாதை. அதைப் பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். படி சாமையும் கூலிதான், ஆகவே இது வாடகைக் கார் என்று எழுதிக்கொண்டு அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். காரை என் ஒருவன் பேருக்கு மாற்றிவிட வேண்டும். என் குடும்பத்தார் தவிர யாரும் ஏற மாட்டார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டும். "எழுதிக் குடுப்பா. யார் வந்து பாக்கப் போறா?" என்றார். எனக்கு அலுத்துப் போயிருந்தது. பேரை மாற்ற ஊரில் சம்மதம் கேட்டுக்கொண்டு வந்து, மாற்றி, கையெழுத்தைப் போட்டேன்.

மலை ஏறி, ஊர்க்கூட்டத்தில் காகிதத்தை விரித்துக் காட்டினேன். மற்றவர் ஏறினால் இது செல்லாது, போலீஸ் என்னைத்தான் உள்ளே வைக்கும் என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். நான் பட்ட பாடு இவர்களுக்கும் தெரியட்டுமே என்கிற வீம்பு. அவசரம் என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பதைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் பேச்சு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் போய்விட்டது. கால் கடுத்தது, போய்ப் படுத்துவிட்டேன்.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம், காரவள்ளியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் கட்டிலோடு இறங்கி வந்தார்கள். கட்டிலில் ஒரு பெண், இரண்டு நாளாகப் பிரசவ வலி. கூட வந்த புருஷன் எனக்கு மாமன் முறை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"வேண்டாங்க மாப்ள" என்றார் அவர். "நாங்க உங்க ஊட்டு ஆளுக இல்லீங்களே. உங்கள உள்ள வெச்சுட்டாங்கன்னா?" மாட்டு வண்டிக்கு முன்னாடியே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். அது பூட்டித் தயாராக நின்றது.

"அட, காயிதம் கெடக்குது மாமா! ஏத்துங்க!" என்று கத்தினேன். கையைப் பிடித்தேன், காலிலும் விழுந்தேன்.

"கூட்டத்துல நீங்கதானுங்களே சொன்னீங்க." அவ்வளவுதான். கூட்டத்தில் சொன்னதை வழியில் நின்று தனியாள் மாற்ற முடியாது. அது எங்கள் வழக்கம்.

வண்டி புறப்பட்டது. காலிக் காரை அதன் பின்னால் மாட்டு நடையில் ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு தடவை முன்னால் போய் மறித்தேன். இரண்டு தடவையும் கும்பிட்டு ஒதுங்கச் சொன்னார்கள். நாமக்கல் போகும் வழியில், சேந்தமங்கலம் தாண்டியதும் வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. தாய் பிழைத்தாள்.

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். பாவி, நான்தான் கொன்றேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். மாமன் வண்டியை விட்டு இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"அழுவாதீங்க மாப்ள" என்றார். "காயிதத்துக்கு ஒண்ணும் ஆவலீங்கல்ல?"