வேதமாணிக்கம் எழுதிய நீள ஸ்வரம்

தி. நகர் துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்காக என் மனைவி புடவை மேல் புடவையாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாபுவின் அழைப்பு வந்தது. பாபு கோடம்பாக்கத்துக்காரன். ஆளுயர டபுள் பாஸ் வாசிப்பவன். முப்பது வருஷமாக ஸ்டூடியோக்களில் எனக்குப் பின்னால் நின்று வாசித்தவன். "மச்சி, எங்க கீற? மாணிக்கம் சார் பூட்டாரு. காலைல ஆறு மணிக்காம்" என்றான். கடையின் கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் வயோலாவும் இருக்கிறது. வயலினுக்கு அண்ணன் மாதிரி, குரல் கொஞ்சம் கனத்த வாத்தியம். எட்டு வயோலாக்களில் ஒன்று. அந்தப் பாட்டு முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். "இத எடுத்துடலாமா?" என்றாள் மனைவி. எடுத்துவிடு என்றேன். என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேதமாணிக்கம் சார் இருபது வருஷத்துக்கு மேல் மற்றவர்களின் சினிமாப் பாட்டுகளுக்கு வாத்திய இசை எழுதிக் கொடுத்தவர். திரையில் அவர் பெயர் வந்ததில்லை. ஐம்பதாவது வயதில் அதை விட்டுவிட்டு, மந்தைவெளி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொந்தமாக எழுத ஆரம்பித்தார். கிளாரினெட்டுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்கும் ஒன்று. பாபுவின் டபுள் பாஸுக்கும் பியானோவுக்கும் ஒன்று. ஒற்றை வயோலாவும் முழு இசைக்குழுவும் எதிரெதிரே நிற்கும் கான்செர்ட்டோ ஒன்று. வயலினுக்கு ஏன் எழுதவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "அதுக்கு எழுத ஊர்ப்பட்ட ஆள் இருக்குப்பா. உங்களுக்குத்தான் நாதி இல்ல" என்றார்.

இப்போது அவரை மேதை என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதியவர்களில் இரண்டு பேர் அவருடைய கச்சேரியில் இடைவேளைக்குப் பிறகு நாற்காலிக்குத் திரும்பாததை மேடையிலிருந்து பார்த்தவன் நான். வாத்தியக்காரனுக்கு மேடையிலிருந்து எல்லாம் தெரியும். பெயர் சொல்லவில்லை. அவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள்.

அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் ஒத்திகை. பங்குனித் திருவிழா நேரம். சாமி புறப்பாடு தெருவுக்குள் வந்துவிட்டது. மேளமும் நாகஸ்வரமும் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டுகின்றன. நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்கவில்லை. யாரோ ஜன்னலைச் சாத்தப் போனார்கள். சார் வேண்டாமென்று சைகை செய்துவிட்டு, குழுவை நடத்தக் கையில் பிடித்திருந்த குச்சியை இறக்காமல் அப்படியே நின்றார். ஊர்வலம் மாட வீதி திரும்பும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "அவங்களுக்கு ஒத்திகை எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. நமக்குத்தான் இன்னும் முடியல. முதல்ல இருந்து." பின்னாலிருந்து பாபு, "சார், அவங்க கூடவே போயிருந்தா பொங்கலாவது கெடச்சிருக்கும்" என்றான். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது சார்தான்.

வயோலா கான்செர்ட்டோவை அவர் எனக்காக எழுதினார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் என்னை மந்தைவெளிக்கு வரவழைத்து, கையால் எழுதிய தாள்களைக் கொடுத்தார். சினிமா ஸ்டூடியோவில் வளர்ந்தவர்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு தாள் வரும். அதை அப்போதுதான் முதல்முறை பார்ப்போம். பார்த்ததும் வாசிப்போம். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "ஓகே" என்று குரல் வரும். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். ஒரு பாட்டை இரண்டாம் நாள் வாசித்ததாக எங்களில் யாருக்கும் நினைவிருக்காது. அதுதான் எங்கள் பெருமை. எனக்கு அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதல்.

ஆகவே நான் தாள்களைச் சாப்பாட்டு நாற்காலியின் முதுகில் சாய்த்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பாராட்டுக்காகத்தான். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தப்பும் இல்ல மோகன். பேப்பர்ல இருந்தது எல்லாம் வந்துருச்சு."

"தேங்க்ஸ் சார்."

"பாட்டுதான் வரல."

எனக்குச் சுருக்கென்றது. "பேப்பர்ல இல்லாததை நான் எங்க போய் வாசிக்கிறது சார்?" என்று கேட்டேன். அவருடைய மனைவி செல்வி அக்கா, காபி டம்ளரை என் பக்கம் தள்ளி, "குடிப்பா, ஆறிடும். இவருக்கு நான் வெச்ச குழம்புலயும் இதேதான். உப்பு, புளி எல்லாம் சரியா இருக்காம், குழம்புதான் வரலியாம்" என்றார். சார் தாள்களைத் திருப்பி, நடுப்பகுதியில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். மெதுவான பகுதி அது. இசைக்குழு முழுக்க அடங்கிப்போக, வயோலா மட்டும் ஒரே ஒரு ஸ்வரத்தை ஏறக்குறைய அரை நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டம் இல்லை, வித்தை இல்லை. "இது உனக்கு வர ஆறு மாசம் ஆகும். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு வா. வாராவாரம்" என்றார்.

மூன்று வியாழக்கிழமை போனேன். நாலாவது வியாழன் ரிக்கார்டிங் வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒருமுறை சொன்னால் அடுத்த முறை அழைப்பு வராது. ஐந்தாவதும் அப்படியே. பிறகு நான் போகவில்லை. அவரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஸ்டூடியோ வாசல் டீக்கடையில் பாபு சொன்னான்: "இன்னா மச்சி, உன் பாட்ட தூக்கி அந்த ஃபாரின்ல பட்ச வயோலா பொண்ணு கைல குட்த்துட்டாராமே? நீ இன்னா, சும்மா டீ குட்ச்சிக்கினு கீற?"

பாட்டைக் கொடுத்தது கூடப் பரவாயில்லை. அதை நான் டீக்கடையில் கேட்க வேண்டியிருந்தது. அதைத்தான் பதினொரு வருஷமாக நான் விடவில்லை. இதை அஞ்சலிக் கட்டுரையில் எழுதக் கூடாது என்பார்கள். அவருக்கே தெரிந்த விஷயம் உங்களுக்குத் தெரிவதில் என்ன இருக்கிறது?

அரங்கேற்றத்தில் அந்தப் பெண் முன்னால் நின்று வாசித்தார். நான் பின்னால் வயோலா வரிசையின் முதல் நாற்காலியில் இருந்தேன். ஒத்திகைக்கு வந்த என் தாளைப் பார்த்தபோது ரத்தம் தலைக்கேறியது. பின்னால் வாசிப்பவர்கள் எங்கே நுழைய வேண்டும் என்று தெரிவதற்காக, முன்னால் நிற்பவர் வாசிப்பதில் கடைசி இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பொடி எழுத்தில் எழுதி வைப்பது வழக்கம். என் தாளில் மட்டும் அந்தப் பெண்ணின் பங்கு முழுவதையும், முதலிலிருந்து கடைசிவரை, சார் தன் கையால் பொடியாக எழுதியிருந்தார். நீ இழந்தது இது என்று காட்டுவதற்காக எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றியது. "எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டேன். "எங்க நுழையணும்னு தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டுக் குச்சியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் நன்றாக வாசித்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. நான் என் தாளைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அவருடைய மற்ற இசைகளில் கூப்பிட்டால் போய் வாசித்தேன். வணக்கம் சொன்னேன். மந்தைவெளி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அடையாறுக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தத் தெரு முனை வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் தை மாதக் கடைசியில் செல்வி அக்கா போன் செய்தார். "அவருக்கு முடியலப்பா. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. மோகன் வருவானான்னு ரெண்டு தரம் கேட்டாரு. மூணாவது தரம் கேக்க மாட்டாரு, உனக்குத் தெரியும்ல" என்றார். வயோலாவை எடுத்துக்கொண்டு போனேன். சாய்வு நாற்காலியில் பாதியாகிக் கிடந்தார். "அந்த நடுப்பகுதிய வாசிப்பா" என்றார். நல விசாரிப்பு எல்லாம் கிடையாது. பையிலிருந்து தாளை எடுத்து நாற்காலி முதுகில் சாய்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்தத் தாளைப் பதினோரு வருஷமா தேடுறேன். நோட்ஸ் லைப்ரரி பொறுப்பு பாத்த பையனை வேற திட்டிட்டேன்."

"எடுத்துட்டுப் போனவன் நான்தான் சார்."

"தெரியுது. வாசி."

வாசித்தேன். அந்த நீள ஸ்வரம் வந்தது. முடிந்தது. அவர் கண்ணை மூடியபடி இருந்தார். செல்வி அக்கா சமையலறை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் இறங்குதுப்பா."

சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறதாம். பதினொரு வருஷம் கழித்து வந்தவனிடம் சொன்ன முதல் அபிப்பிராயம். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேவிட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கறதா என்கிட்ட ஒரு வார்த்தை நீங்களே சொல்லியிருக்கலாம்ல சார்?"

அவர் யோசிக்கவில்லை. "சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்லப் பயம். கோழைத்தனம்தான். எழுதிக் காட்டலாம்னு நினைச்சேன்." தாளைக் காட்டினார். "அவ வராம போனா நீ எந்திரிச்சு வாசிப்பன்னுதான் முழுசா எழுதினேன். ஒத்திகை ஒவ்வொண்ணுக்கும் வாசலைப் பாத்துட்டே நின்னேன். எங்க, கரெக்டா பத்து நிமிஷம் முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டா."

அக்கா சிரித்துவிட்டார். நானும். அப்புறம் அவர் கேட்டார்: "நீ ஏன் வரல?" ரிக்கார்டிங் என்றேன். "எல்லா வியாழக்கிழமையுமா?" என்றார்.

எல்லா வியாழக்கிழமையும் இல்லை. நாலாவதும் ஐந்தாவதும் உண்மை. ஆறாவது வியாழன் எனக்கு எந்த வேலையும் இல்லை. அசோக் நகர் வீட்டில், பெட்டியைத் திறக்காமல், மதியம்வரை பேப்பர் படித்துக்கொண்டு கிடந்தேன். எட்டுப் பேரில் ஒருவனாக வாசித்தால் ஒருவன் இறங்கினால் மற்ற ஏழு பேர் தூக்கிவிடுவார்கள். அந்த அரை நிமிஷத்தில் என்னைத் தூக்க யாரும் இல்லை. அதுவரை கூட்டத்திலேயே வாசித்தவனுக்கு அது புரிந்துவிட்டது. இதை அன்றைக்கு அவரிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன். "ரெண்டு கோழைங்க சேர்ந்து ஒரு நல்ல பாட்டை வீணாக்கப் பாத்தோம்" என்றார். "வியாழக்கிழமை வா."

போனேன். நாலு வியாழக்கிழமை போனேன். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்ப்பேன். "இறங்குது." அடுத்த வாரம்: "இன்னும் இறங்குது." மூன்றாவது வாரம் பேச முடியவில்லை. ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். நாலாவது வாரம் விரல் கீழே போகவில்லை, மேலேயும் போகவில்லை. தூங்கிவிட்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். "கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு" என்றார் அக்கா. ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் துணிக்கடையில் பாபுவின் போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்நாள் முழுக்கக் கேட்ட "ஓகே" என்ற அந்தச் சொல்லை அவர் ஒருமுறைகூட எனக்குச் சொல்லவில்லை.

நினைவுக் கூட்டத்தில் அந்த நடுப்பகுதியை யார் வாசிப்பது என்று பேச்சு வந்தபோது, வெளிநாட்டிலிருந்து அந்தப் பெண்ணையே வரவழைக்கலாம் என்று ஏற்பாட்டுக் குழுவினர் சொன்னார்கள். செல்வி அக்கா, "மோகன் வாசிப்பான்" என்று மட்டும் சொன்னாராம். இந்த மலர் உங்கள் கையில் கொடுக்கப்படும் அதே மாலையில் நான் முன்னால் நிற்பேன். பாபு எனக்குப் பின்னால் நிற்பான். "பயப்படாத நைனா, நீ இறங்குனா நானும் கூடவே இறங்கிர்றேன், யாருக்குத் தெரியப் போவுது" என்று தைரியம் சொல்லியிருக்கிறான்.

அவருடைய கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். என் தாளையும் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே கொடுத்துவிடுவேன். அதிலிருப்பது இப்போது பார்க்காமலே வருகிறது. வியாழக்கிழமை பத்து மணியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். போன வியாழனும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். அந்த நீள ஸ்வரம் வந்தது. பாதியில் கொஞ்சம் இறங்கியது. சொல்ல ஆள் இல்லை. எனக்கே கேட்டது.