மசுக்குட்டிக்குத் தண்ணீர் வார்த்தவர்

திருநெல்வேலியில் மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விடும் கேதீஸ்வரிக்கு இரண்டு விடயங்களில் பெயர் இருந்தது. மாரியில் முருங்கையில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்புழுக்களான மசுக்குட்டிகளைத் தென்னோலைப் பந்தத்தால் எரிப்பதில் அந்த ஒழுங்கையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மற்றது அவரது வாக்கு: "நான் ஒரு பிள்ளையின்ரை அறைக்குள்ளையும் கால் வைக்கிறேல்லை." பெற்றோர் மகள்மாரை அங்கே கொண்டுவந்து விட்டதே அந்த வாக்கை நம்பித்தான்.

விலங்கியல் மாணவி நிவேதனா வந்த முதல் மாரியிலேயே பந்தத்துக்கு முன்னால் ஓடிப்போய் மசுக்குட்டிகளைத் தகரப் பேணியில் பொறுக்கினாள். அவை அவள் வைத்த சட்டி மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகின.

"செத்துப்போச்சோ பிள்ளை?"

"இல்லை அன்ரி, நித்திரை. அடுத்த மாரி வரும் மட்டும் எழும்பாதுகள்."

"ஆர் எழுப்புறது?"

"அதுதான் என்ரை ஆராய்ச்சி. உதுகளின்ரை உடம்புக்குள்ளை ஒரு மணிக்கூடு கிடக்கு. சில மரபணுக்கள் நேரத்துக்கு வேலை தொடங்கி நேரத்துக்கு ஓயும். அதை வைச்சுப் பகல் நீளுதோ குறையுதோ எண்டு கணக்குப் பாக்குங்கள்."

"இஞ்சை மாரிக்கும் கோடைக்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம் வருமோ?"

"கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசம் உதுகளுக்குப் போதுமோ எண்டுதான் பாக்கிறன்."

"என்ரை மனுசனுக்கு அரை நாள் போனாலும் விளங்கிறேல்லை" என்றார் கேதீஸ்வரி.

அறை மேசையில் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கூட்டுப்புழுச் சட்டிகள் இரண்டு வரிசையாக. ஒன்றில் விளக்கு நீண்ட பகலைக் காட்டியது, மற்றதில் குறுகிய பகலை. சட்டிகள் எல்லாம் காய்ந்தபடியே இருக்கவேண்டும், வெளிச்சம் மட்டுமே வேறுபடலாம். நிவேதனாவின் பட்டம் அதில் தங்கியிருந்தது.

ஆவணியில் அவள் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குத் தொண்டைமானாற்றுக்குப் போனாள். திரும்பிவந்து பெட்டிகளைத் திறந்தால், மழையின் வாசமே இல்லாத காலத்தில், உள்ளே அந்துப்பூச்சிகள் படபடத்தன. இரண்டு பெட்டிகளிலும் முன்வரிசைச் சட்டிகளிலிருந்து மட்டும் வந்திருந்தன. இது எந்த மணிக்கூட்டுக்கும் பொருந்தாத கணக்கு. விரிவுரையாளர் கனிசியஸ் கேட்டுவிட்டு, "காரணம் சொல்ல ஏலாட்டி முழுக்கத் திரும்பச் செய்யவேணும்" என்றார். திரும்பச் செய்வதென்றால் இன்னொரு வருடம்.

பிள்ளை அழுவதைக் கேதீஸ்வரி கதவுக்கு வெளியே நின்று கேட்டார். காரணம் அவருக்குத் தெரியும். சொன்னால் தன்னுடைய பெயர் போகும், சொல்லாவிட்டால் பிள்ளையின் வருடம் போகும். குசினிக்குப் போய் அவளுக்கென்று தேத்தண்ணி ஊற்றி, அதைத் தானே குடித்துவிட்டு வந்தார்.

"நான்தான் தண்ணி விட்டனான்."

"எதுக்கு அன்ரி?"

"உந்தச் சட்டியளுக்கு. மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது. உள்ளுக்கை சீவன் தவிக்குமெல்லோ? பாவமாக் கிடந்தது."

"பந்தம் பிடிக்கிற உங்களுக்கோ பாவம்?"

"அது மரத்திலை. இது என்ரை வீட்டிலை குடியிருக்கிற சீவன்."

"அறை பூட்டியெல்லோ கிடந்தது?"

கேதீஸ்வரி யன்னலால் முருங்கையைப் பார்த்தார்.

"பின்வரிசைக்கு ஏன் விடேல்லை?"

"கை எட்டேல்லை."

நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். நீண்ட பகலோ குறுகிய பகலோ, நனைந்த சட்டிகளில் பூச்சி விழித்திருந்தது, காய்ந்தவற்றில் தூங்கியது. இந்தச் சட்டிகளைப் பொறுத்தமட்டில், மணி அடித்தது வெளிச்சமல்ல, ஈரம்.

மறுநாள் கனிசியஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எவ்வளவு தண்ணி விட்டனீங்கள் அம்மா?"

"சட்டிக்கு ஒரு பேணி."

"எல்லாத்துக்கும் ஒரே அளவோ?"

"பிறகு? பிள்ளையளுக்குள்ளை ஓரவஞ்சனை பாக்கிறதோ?"

"இவ்வளவு ஒழுங்கா ஒருத்தரும் பிழைவிட்டு நான் பாக்கேல்லை" என்ற கனிசியஸ், பின்வரிசையில் பாதிக்கு அதே அளவு தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொன்னார். வருடம் தப்பியது.

"இனி நீங்களே விடுங்கோ அன்ரி. பேணியும் உங்கடை, கையும் உங்கடை" என்று நிவேதனா அறைப் பூட்டின் திறப்பை நீட்டினாள்.

கேதீஸ்வரி வாங்கவில்லை.

"வேண்டாம் பிள்ளை. என்னட்டை ஒண்டு கிடக்கு."